சுருட்டை முடியில் அலை எடுக்க: பிரஷ்ஷா, கிரீமா, சலூன் மருந்தா?

ஒட்ட வெட்டிய தலையில், உச்சிச் சுழியிலிருந்து நாலா பக்கமும் வரி வரியாக அலை இறங்கும் ஸ்டைலுக்கு 360 என்று பெயர். அலை தலையை முழு வட்டம் சுற்றி வருவதால் அந்தப் பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சலூன்களில் தலைமுறைகளாக வளர்ந்த கலை இது. அவர்களுடைய இறுகிய சுருளுக்கென்றே அதன் ஒவ்வொரு படியும் அமைந்தது. நம் ஊர்ச் சுருட்டை பெரும்பாலும் அதைவிடத் தளர்வு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் அதோடு வியர்வையும் உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. போனில் பார்த்த முறையை அப்படியே எடுத்துத் தலையில் வைத்தால் பாதிப் பேருக்கு அலை வராமல் பிசுபிசுப்பும் பொடுகும்தான் மிஞ்சும். ஆகவே பிரஷ் வாங்கும் முன் எந்த வழி உங்கள் முடிக்கு ஒத்துவரும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

வழி மூன்று. தினமும் பிரஷ் போட்டு, துணி கட்டி, அலையைப் படியவைப்பது ஒன்று. சுருளை அப்படியே விட்டு, அளவாக வெட்டி, கிரீமோ ஜெல்லோ போட்டு ஒழுங்காக்குவது இன்னொன்று. சலூனில் மருந்து போட்டுச் சுருளின் இறுக்கத்தை மாற்றுவது மூன்றாவது. இவற்றில் எது என்பதை உங்கள் ஆசையைவிட உங்கள் சுருளின் அளவே தீர்மானிக்கும்.

முதலில் வளையத்தை அளந்து பாருங்கள்

தலைக்குக் குளித்தபின் எண்ணெய், சீப்பு எதுவும் படாமல் முடியைத் தானாகக் காயவிடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்த ஒரு முடியை உச்சியிலிருந்து எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். அது போடும் வளையம் எவ்வளவு பெரிசு? பால்பாயிண்ட் பேனா ரீஃபில் பருமனா, பென்சில் பருமனா, சுண்டுவிரல் பருமனா?

ஓர் அலை கண்ணுக்குத் தெரிய முடி அரை வட்டமாவது வளைந்திருக்க வேண்டும். ரீஃபில் சுமார் 3 மி.மீ. குறுக்களவு; அதன் அரை வட்டம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மெஷினில் 2-ஆம் நம்பர் விட்டுவைக்கும் நீளம் 6 மி.மீ. என்பதால், ஒட்ட வெட்டிய தலையிலேயே இவர்களுக்கு அலை தெரியும். பென்சில் 7 மி.மீ. என்றால் அரை வட்டத்துக்கு 11 மி.மீ. வேண்டும், 4-ஆம் நம்பர், அதாவது சுமார் 13 மி.மீ. வைத்தால்தான் பேச்சு. சுண்டுவிரல் அளவு, ஏறக்குறைய 14 மி.மீ. வளையம் உள்ளவருக்கு 22 மி.மீ. நீளம் தேவை. அந்த நீளத்தில் முடியை எவ்வளவு படியவைத்தாலும் வாரிவிட்ட நெளி முடி மாதிரிதான் இருக்கும். வரி வரியான அலை கிடைக்காது. இவர்கள் பிரஷ் வழியில் மாதக்கணக்கில் நேரம் செலவிடாமல் நேராகக் கிரீம் வழிக்குப் போவதே மேல். நேர்முடிக்காரர்களுக்குப் பிரஷ்ஷால் அலை வராது.

தலையின் எல்லா இடத்திலும் வளையம் ஒரே அளவாக இருக்காது. பின்னங்கழுத்தில் இறுக்கமாகவும் நெற்றியோரம் தளர்வாகவும் இருப்பது சகஜம். அதனால் நாலு இடத்தில் எடுத்துப் பாருங்கள். இரட்டைச் சுழி இருந்தால் அதையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு சுழிக்கும் நடுவே அலைகள் மோதும் இடத்தில் வரி உடையும். அதைச் சரிக்கட்ட முடியும், ஆனால் மற்ற இடங்களைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும்.

பிரஷ் வழி

இது வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாக விலகிவிடும். முடியின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் விட்டுவிடும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். லேசான ஈரத்தில் முடியை அது வளரும் திசையிலேயே படியவாரி, அசையாமல் கட்டி, காயவிடுகிறோம். பக்கத்துப் பக்கத்து முடிகளின் வளைவுகள் ஒன்றோடொன்று வரிசையில் நிற்கும்போது மேடும் பள்ளமுமாக அலை தெரிகிறது. பிரஷ் புதிதாகச் சுருளை உண்டாக்குவதில்லை, இருக்கும் சுருளை வரிசைப்படுத்துகிறது. அதே காரணத்தால், காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பிணைப்பு மறுபடி தளரும். மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசும் ஊரில் காலையில் படிந்த முடி சாயங்காலம் கிளம்பி நிற்பது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். இங்கே ஈரம் உள்ளே போகாமல் மேலே ஒரு மெல்லிய பூச்சு இருப்பது அவசியம்.

தொடக்கம் சலூனில். மெஷினை முடி சாயும் வாக்கிலேயே ஓட்டச் சொல்லுங்கள். வழக்கமாக எதிர் வாக்கில்தான் ஓட்டுவார்கள், அப்போதுதான் சீக்கிரம் முடியும். அப்படி ஓட்டினால் முடிகள் வெவ்வேறு கோணத்தில் வெட்டுப்பட்டு, உருவாகியிருந்த வரிசை கலைந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, “அண்ணா, சுழியிலிருந்து முடி போற வாக்குல மட்டும் ஓட்டுங்க, எதிர்ல ஓட்டாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். வாக்கில் ஓட்டும்போது அதே நம்பர் கொஞ்சம் நீளமாகவே விடும். அதனால் ஒரு நம்பர் குறைவாகக் கேட்டாலும் சரிதான். பக்கவாட்டில் ஃபேட் (கீழே போகப் போக முடியைக் குறைத்துக்கொண்டே வெட்டுவது) போட்டால் அங்கே அலை போய்விடும், மேலே மட்டும் நிற்கும். அது போதும் என்பவர்களுக்கு வேலையும் பாதியாகக் குறைகிறது. முதல் முறை முயல்கிறவர்களுக்கு இதையே சொல்லுவோம்.

அதன்பின் 4 முதல் 8 வாரம் முடியை வெட்டாமல் வளர்த்துக்கொண்டே பிரஷ் போடுவது முக்கியமான கட்டம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். இந்தக் காலத்தில் தலை பொங்கிப் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் பொறுக்க முடியாமல் போய் ஒட்ட வெட்டிவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. காதோரமும் கழுத்தோரமும் மட்டும் லைன் போட்டுக்கொண்டு சமாளியுங்கள்.

பிரஷ்ஷில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று உண்டு. ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நடுத்தரம். முடி வளர்ந்து 1 செ.மீ. தாண்டியதும் நடுத்தரம் மேலாகத் தடவிக்கொண்டு போகும், அடி முடிவரை இறங்காது. அப்போது கடினமான பிரஷ் வேண்டும். முடி வெட்டிய முதல் வாரத்தில் அதே கடினமான பிரஷ்ஷைப் போட்டால் தோல் சிவந்து உரியும். மென்மையானது கடைசியில் மேலே படியவைக்கத்தான். அது இல்லாமலும் ஒப்பேற்றலாம்.

பன்றி முடியால் செய்தவை இதற்கு மிக நல்லவை. தோலில் சுரக்கும் எண்ணெயை முடி நுனிவரை இழுத்துக்கொண்டு போகும், நுனி குத்தாது. மதக் காரணமாகவோ வேறு காரணமாகவோ அது வேண்டாம் என்பவர்கள் குதிரை முடி பிரஷ் பார்க்கலாம், சற்று மென்மையாக இருக்கும். நைலான் வாங்கினால் நுனி மழுங்கியதா என்று மணிக்கட்டின் உள்பக்கத்தில் பத்து முறை இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் அது தலைக்கு ஆகாது. துணி துவைக்கும் பிளாஸ்டிக் பிரஷ்ஷைத் தலையில் வைக்கவே வேண்டாம், முடியின் மேற்செதிலைச் சுரண்டி எடுத்துவிடும்.

போடும் விதம்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சின்னத் துண்டைத் தலையில் 2 நிமிடம் வைத்து எடுங்கள். தலை சொட்டச் சொட்ட நனையக் கூடாது. முழுக்க நனைந்த முடி வலுவிழந்து இழுபடும், கடினமான பிரஷ்ஷுக்கு அறுந்துவிடும். சுழியிலிருந்து நெற்றிக்கு நேர் முன்னால், காதுப் பக்கம் கிருதாவை நோக்கிச் சாய்வாகக் கீழே, பின்னால் நேராகக் கழுத்துக்கு. ஒவ்வொரு இடத்திலும் தினமும் அதே கோணம். கோணம் கொஞ்சம் மாறினாலும் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து கிளை விடும்; ஒருமுறை விழுந்த கிளையை எடுக்கச் சில வாரம் ஆகும். சுழியைச் சுற்றி மட்டும் நேராக இழுக்காமல், முடி சுற்றும் வாக்கிலேயே வளைத்து வளைத்துச் சின்னதாக இழுக்க வேண்டும். முன்னால் ஒரு கண்ணாடி, கையில் ஒரு கண்ணாடி இல்லாமல் அந்த இடம் பிடிபடாது. காலையில் 15 நிமிடம், ராத்திரி 15 நிமிடம் போதும். அதற்கு மேல் அழுத்தித் தேய்ப்பதால் அலை சீக்கிரம் வராது. நெற்றியோர முடி மெலிவதுதான் நடக்கும். மேலே முதல் வரிகள் ஒன்றரை மாத வாக்கில் தெரியும். சுழி கடைசியாகத்தான் வழிக்கு வரும்.

எண்ணெயா, மெழுகா?

இந்த இடத்தில்தான் நம் ஊருக்கென்று தனிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும் குணம் உள்ளது. கழுவும்போது முடி தன் புரதத்தை இழப்பதைக் குறைக்கும். அதனால் குளிப்பதற்கு அரை மணி முன்னால் தடவ அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதற்குப் பிடிமானம் கிடையாது. சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும் எண்ணெய் கத்திரி வெயிலில் நெற்றியில் வழியும், அலையைப் பிடித்து வைக்காது. விளக்கெண்ணெய் கெட்டியானது, பளபளப்பு வரும். தனியாகப் போட்டால் முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் தாங்கும்.

கடைகளில் கிடைக்கும் போமேட், அதாவது முடியைப் படியவைக்கும் பசை, இரண்டு வகை. தண்ணீரில் கரைவது சுலபமாகக் கழுவிப் போகும்; அதே காரணத்தால் வியர்வையிலும் கரைந்து போகும். பஸ்ஸில் நின்றபடி கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பிசுக்காகி விடுகிறது. பெட்ரோலியம் ஜெல்லியும் தேன்மெழுகும் கலந்த எண்ணெய் வகை ஈரத்துக்கு அசையாது, அலை நாள் முழுக்க நிற்கும். ஆனால் ஒருமுறை ஷாம்பு போட்டால் போகாது. சேர்ந்துகொண்டே போய்த் தூசியைப் பிடித்து வைக்கும், நெற்றியில் பருவும் வரும். கடற்கரை ஊருக்கு எங்கள் தேர்வு எண்ணெய் வகைதான், ஆனால் சுண்டைக்காய் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மேலாகத் தடவுங்கள், தோலில் அப்ப வேண்டாம்.

வீட்டிலேயே செய்துகொள்ள விரும்பினால் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு கிண்ணம் வைத்து அதில் உருக்குங்கள். நேரடி அடுப்பில் வேண்டாம், மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி போதும். ஆறியதும் விரலால் வழித்தெடுக்கிற பதம் வரும், மே மாதத்திலும் உருகி ஓடாது.

எதைப் போட்டாலும் கவனிக்க வேண்டியது பொடுகு. தலைத்தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்றே வளர்கிறது. எண்ணெய், வியர்வை, அதற்கு மேல் கட்டிய துணி மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அரிப்பும் செதிலும் ஆரம்பித்தால் எண்ணெயையும் துணி கட்டுவதையும் நிறுத்திவிட்டு, கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை வாரம் 2 முறை, 5 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். 4 வாரத்தில் அடங்கவில்லை என்றாலோ, சின்னச் சின்ன சீழ்க் கட்டி வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிப்மரில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

தண்ணீர்

கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீர் பல வீட்டில் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிந்தாலோ, குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டினாலோ அந்தத் தண்ணீர் உங்கள் அலைக்கும் எதிரி. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், பிரஷ் வழுக்கிப் போகாமல் மாட்டும். தலைக்குக் குளியல் சோப்பு போடவே கூடாது. கடினத் தண்ணீரில் அது பசை போலப் படியும். ஷாம்பு வாரம் 2 முறை, மற்ற நாளில் வியர்த்தால் வெறும் தண்ணீர். ஷாம்பு போட்ட நாளில் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் 1 லிட்டர் எடுத்து, வெள்ளை வினிகர் 1 மேசைக்கரண்டி கலந்து ஊற்றுங்கள். குட்டை முடிக்கு அது தாராளம். எலுமிச்சைச் சாறு வேண்டாம், தோலில் தங்கினால் வெயில் பட்டுப் புண்ணாகலாம். மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட உசத்தி எதுவும் இல்லை.

வாரம் ஒருமுறை நுரையோடு பிரஷ் போடும் முறை ஒன்று உண்டு, நல்ல பலன் தரும். ஷாம்பு நுரை தலையில் இருக்கும்போதே மென்மையான அல்லது நடுத்தர பிரஷ்ஷால், அழுத்தாமல் 5 நிமிடம் வாரி, அப்படியே துணியைக் கட்டி, கட்டின் மேலேயே மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றி நுரை முழுக்க வெளியேறும்வரை அலசுங்கள். கட்டோடு காயவிட்டு எடுத்தால் வரிகள் பளிச்சென்று தெரியும். நுரை மிச்சமிருந்தால் அரிக்கும். ஆகவே தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எதைக் கட்டுவது?

டூராக் என்பது தலையை இறுக்கிப் பிடிக்கும் வழுவழுப்பான துணி. நீண்ட இரண்டு வாலால் பின்னால் கட்டுவது. ஆன்லைனில் வாங்கலாம். இல்லையென்றால் நேரு வீதியிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ எந்த ஜவுளிக் கடையிலும் சாட்டின் துணி கேட்டு, 75 செ.மீ. சதுரமாக ஓரம் அடித்து, முக்கோணமாக மடித்துக் கட்டினாலும் வேலை நடக்கும். பருத்தித் துண்டு, கர்ச்சீப் வேண்டாம். எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், உராய்ந்து வரியைக் கலைக்கும். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் நடுமண்டையில் கோடு விழும். அவிழ்த்தபின் நெற்றியில் தடம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இறுக்கம் அதிகம். அப்படியே தொடர்ந்தால் நெற்றியோர முடி பின்வாங்கும்.

சித்திரை, வைகாசியில் கரண்டு போன ராத்திரியில் சாட்டினுக்குள் தலை வெந்துவிடும். அந்த மாதங்களில் மெல்லிய நைலான் தொப்பி மேல். பிடிமானம் குறைவு, ஆனால் காற்று போகும். அதுவும் முடியாதவர்கள் பிரஷ் போட்டபின் ஒரு மணி நேரம் மட்டும் கட்டிவிட்டு அவிழ்த்துவிடலாம். கட்டும் துணியை 3 நாளுக்கு ஒருமுறை துவையுங்கள்.

கிரீம் வழி

வளையம் பெரிதாக உள்ளவர்களுக்கும், தினமும் அரை மணி ஒதுக்க முடியாதவர்களுக்கும் இது. மேலே 3 முதல் 5 செ.மீ., பக்கத்தில் 2 அல்லது 3-ஆம் நம்பர். பிரஷ்ஷை மறந்துவிடுங்கள், காய்ந்த சுருட்டையில் சீப்போ பிரஷ்ஷோ போட்டால் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும். தலை ஈரமாக இருக்கும்போது கிரீமை நெல்லிக்காய் அளவு எடுத்து விரலால் கோதி, உள்ளங்கையால் கீழிருந்து மேலாகப் பிசைந்துவிட்டு, காயும்வரை தொடாதீர்கள். மொத்தம் 5 நிமிட வேலை.

கிரீமுக்குப் பதில் ஆளி விதை ஜெல் நன்றாகவே நிற்கும். 2 மேசைக்கரண்டி விதை, 250 மி.லி. தண்ணீர், சின்னத் தீயில் 8 நிமிடம் கிளறி, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறவிட்டால் துணியில் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கற்றாழைச் சாறும் போடலாம், ஆனால் அதிகமானால் காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிரும், பொடுகு என்று நினைக்க வைக்கும்.

சலூன் மருந்து

இறுகிய சுருளைத் தளர்த்துவது ஒரு மருந்து, நேர்முடியைச் சுருட்டுவது இன்னொன்று. இரண்டும் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைக்கின்றன. தளர்த்தும் மருந்தில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம். நேரம் சற்றுக் கூடினால் தோல் வெந்துவிடும். சுருட்டுவது தயோகிளைகோலேட் வகை. ஒன்று போட்ட முடியில் மற்றதைப் போட்டால் முடி பொடிந்து கையோடு வந்துவிடும். ஆகவே முன்பு என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குட்டை முடிக்கு இது லாபமில்லாத வழி. மாதம் 1 செ.மீ. பழைய சுருளோடு வளர்ந்து வர, இரண்டாவது முடிவெட்டிலேயே மருந்து பட்ட பகுதி தரையில் கிடக்கும். 3 செ.மீ.க்குக் கீழே வைப்பவர்கள் யாருக்கும் இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

யாருக்கு எது?

வளையம் ரீஃபில் அளவு, கல்லூரியிலோ கடையிலோ ஆபீஸிலோ வேலை என்றால் தயங்காமல் பிரஷ். பென்சில் அளவு என்றால் 4-ஆம் நம்பரில் தொடங்கி இரண்டு மாதம் வளர்த்துப் பாருங்கள். வரி விழவில்லையென்றால் அந்த நீளத்திலிருந்தே கிரீமுக்கு மாறிக்கொள்ளலாம், எதுவும் வீண் இல்லை.

கடலூர் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போய் எட்டு மணி நேரம் பாதுகாப்பு ஹெல்மெட் மாட்டுபவருக்கும், தினமும் ஈசிஆரில் பைக் ஓட்டுபவருக்கும் பிரஷ் வழிதான் எளிது. ஹெல்மெட்டுக்குள் மெல்லிய நைலான் தொப்பியைப் போட்டால் உராய்வும் தடுக்கப்படும், பயண நேரமே கட்டுகிற நேரமாகவும் ஆகிவிடும். நீளமான சுருளோ ஹெல்மெட்டைக் கழற்றியதும் அடையாகப் படிந்திருக்கும். ஒரே நிபந்தனை: தொப்பி மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த துணி வைத்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, வார் தளரும், அது உயிர் விஷயம்.

கடலில் இறங்கும் தொழில் உள்ளவர்களும், தேவனாம்பட்டினத்தில் வாரம் தவறாமல் குளிப்பவர்களும் முடியை 3 மி.மீ.க்கு வைத்துக்கொள்வதே சௌகரியம். அலைதான் வேண்டும் என்றால் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து, அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். கரை ஏறியதும் உப்பு காயும் முன் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, அன்று ராத்திரி பிரஷ்ஷைத் தொடுங்கள். உப்பு காய்ந்த தலையில் பிரஷ் போட்டால் முடி நடுவில் முறியும்.